மெல்போர்ன், அக்டோபர் கடைசி: பெட்டியில் என்ன துணி வைப்பது?

வல்லம்டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் நானும் என் வீட்டுக்காரரும் மெல்போர்ன் போகிறோம். மகன் கிளேட்டன் பக்கம் குடியிருக்கிறான். நவம்பர் பாதியில் திரும்புவோம். எனக்கு வயது 61, அவருக்கு 67. தஞ்சாவூரைத் தாண்டி நாங்கள் பார்த்த குளிர் கொடைக்கானல் குளிர்தான், அதுவும் மே மாதத்தில்.

என்ன துணி எடுத்து வருவது என்று மகனைக் கேட்டால், "எல்லாத்துக்கும் எடுத்துட்டு வாம்மா, இங்க ஒரே நாள்ல நாலு சீசனும் வரும்" என்கிறான். இது ஒரு பதிலா? பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் நான் சுழித்துவிட்டிருப்பேன். சரி என்று போனில் அந்த ஊர் வானிலையைப் பார்த்தேன். திங்கட்கிழமை 29 டிகிரி, செவ்வாய்க்கிழமை 16 என்று காட்டுகிறது. போன் கெட்டுவிட்டதா, ஊர் கெட்டுவிட்டதா தெரியவில்லை.

ஆளுக்கு 23 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. அதற்குள் மகனுக்குப் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கறிவேப்பிலை எல்லாம் போயாக வேண்டும். என் நாத்தனார் டெல்லியில் இருந்தபோது வாங்கிய தடித்த கோட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டால் பெட்டியில் வேறெதற்கும் இடமில்லை. அதை எடுத்துப் போகத்தான் வேண்டுமா?

நான் கட்டுவது புடவை மட்டும்தான். அவர் வேட்டி, வெளியூர் என்றால் பேன்ட். ஷூ போட்டால் காலைக் கடிக்கிறது என்று செருப்போடுதான் கிளம்புவேன் என்கிறார். மனுஷருக்கு வயல் உண்டு, கிளம்பும் முந்தின நாள் வரை வரப்பில்தான் நிற்பார். குடை வேண்டுமா, குல்லா வேண்டுமா, ஸ்வெட்டர் எத்தனை? ஊருக்குள் சுற்றுவது, தாவரவியல் பூங்கா, கோயில், பெங்குவின் பார்ப்பது என்று மகன் திட்டம் போட்டிருக்கிறான். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

டாக்லாண்ட்ஸ்வாசி எழுதியது:

ஆன்ட்டி, ஒன்றுமே எடுத்து வராதீர்கள். வந்து இறங்கியதும் கேமார்ட்டில் ஆளுக்கொரு பஃபர் ஜாக்கெட் (உள்ளே அடைத்துத் தைத்த குளிர் ஜாக்கெட்) வாங்கிக்கொள்ளுங்கள், விலையும் அதிகமில்லை. பெட்டி முழுக்க ஊறுகாய் கொண்டு வாருங்கள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் :)

---

கொடிக்காரி எழுதியது:

டீச்சர், நான் கும்பகோணம். இங்கே மெல்போர்னில் ஒரு பிரைமரி பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிற வேலை. ஸ்டாப் பலகையும் விசிலுமாகக் காலையில் ஒருதரம், சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் ஒருதரம் ரோட்டில் நிற்பேன். மழை பெய்தாலும் காற்றடித்தாலும் நின்றுதான் ஆக வேண்டும். ஒரே இடத்தில் ஒரே நாளில் இரண்டு வேளை நிற்கிறவள் என்பதால் இந்த ஊர் வானத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. காலையில் கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போகிற பிள்ளை, மூன்றரை மணிக்கு அந்த ஜாக்கெட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும். மறுநாள் அரைக்கால் சட்டையோடு போன பிள்ளை சாயங்காலம் பல் தந்தியடிக்க நிற்கும். பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. வானம் அப்படி.

உங்கள் போன் கெடவில்லை. இந்த ஊருக்கு வடக்கே உள்நாடு முழுக்க வறண்ட பூமி. தெற்கே பாஸ் நீரிணை, டாஸ்மேனியா, அதற்கப்புறம் அண்டார்டிகா வரை வெறும் கடல். வடக்கேயிருந்து காற்று வந்தால் அடுப்பு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். தெற்கிலிருந்து குளிர்க்காற்று முன்னேறி வந்து காற்று தென்மேற்குக்குத் திரும்பியதோ, அரை மணி நேரத்திலேயே பத்து டிகிரி இறங்கிவிடும். இதை இங்கே கூல் சேஞ்ச் என்பார்கள். எத்தனை மணிக்கு வரும் என்பதைக்கூட வானிலை அறிக்கையில் சொல்லிவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் பகல் சராசரி 20, 22 டிகிரி, விடியற்காலையில் 10, 11 என்று கணக்கு சொல்வார்கள். அந்தச் சராசரியை நம்பித் துணி எடுத்தால் 32 வருகிற நாளிலும் அவதி, 15 வருகிற நாளிலும் அவதி.

அதனால் காலையில் அன்றைக்கு எத்தனை டிகிரி என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம், எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். மணிவாரியாகக் காட்டும். பக்கத்திலேயே உடம்புக்கு எத்தனை டிகிரி போலத் தெரியும் என்றும் இருக்கும். அந்த இரண்டாவது எண்தான் நமக்கு. 17 என்று போட்டிருக்கும், காற்றில் நின்றால் 12 போலத் தெரியும். மழை எங்கே நகர்கிறது என்று ரேடார் படமும் உண்டு. என் வீட்டுக்காரர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த டெல்லி கோட்டு வேண்டாம், நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது காற்றில்லாத வறண்ட குளிருக்குத் தைத்தது. போட்டால் வேர்க்கும், கழற்றினால் நடுங்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. பத்து மணிக்குக் கழற்றிவிட்டால் அப்புறம் நாள் முழுக்கக் கைக்குழந்தை மாதிரி அதைச் சுமக்க வேண்டும். இந்த ஊருக்கு மெல்லிசாக மூன்று. உள்ளே ஒட்டினாற்போல ஒரு தெர்மல், அதாவது உடம்புச் சூட்டைக் காக்கிற உள்ளாடை. நடுவில் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற ஒரு கம்பளி ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ. தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் வேண்டாம், ட்ராமில் நின்றுகொண்டு அதைக் கழற்றுவதற்குள் நீங்கள் இறங்குகிற இடமே போய்விடும். மேலே, காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று, தலைமூடி வைத்தது. அந்தத் தலைமூடியில் இழுத்துக் கட்டுகிற கயிறு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கயிறு இல்லையென்றால் முதல் காற்றிலேயே முதுகுக்குப் போய்விடும்.

மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால் அந்த மேல் ஜாக்கெட்தான். இங்கே நம்மைப் படுத்துவது காற்று. காற்றைத் தடுத்துவிட்டால் உள்ளே சாதாரண ஸ்வெட்டரே போதும். காற்றைத் தடுக்கவில்லை என்றால் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பிரயோஜனமில்லை, பின்னலுக்குள் புகுந்து வெளியே வரும். வாங்கும்போது ஒரு அளவு பெரிசாக வாங்குங்கள். உள்ளே ஸ்வெட்டர், அதற்கு உள்ளே புடவை முந்தானை எல்லாம் அடங்க வேண்டுமே.

டாக்லாண்ட்ஸ் தம்பி சொல்வது முழுக்கத் தப்பில்லை, ஆனால் இரண்டு விஷயம். நீங்கள் வருகிற நேரம் இங்கே வசந்தம். கடைக்காரர்கள் காலண்டரைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்க்க மாட்டார்கள். குளிர்த்துணியெல்லாம் ஓரமாக மீதம் கிடக்கும், முன்வரிசையில் நீச்சல் உடை தொங்கும். உங்கள் அளவு கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்னொன்று, ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வருகிறீர்கள், உள்ளேயே குளிரும். டுல்லமரீன் விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்து மகன் காரைக் கொண்டுவரும் வரை நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கே ஜாக்கெட் வேண்டும். அதைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடையைப் பற்றி. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. மெல்போர்னில் சுமார் 650தான். ஆனால் அந்தப் பாதியை இந்த ஊர் பல நாளுக்குப் பிரித்துப் பிரித்துச் சாப்பிடும். பத்து நிமிஷம் சாரல், அப்புறம் பளீரென்று வெயில், திரும்பச் சாரல். அதுவும் மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். காற்று நாளில் நகரத்துக்குள் போனால் குப்பைத்தொட்டிக்குத் தொட்டி உடைந்த குடை நீட்டிக்கொண்டிருக்கும். தலைமூடியை இழுத்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள், அல்லது எதற்குள்ளாவது நுழைந்துவிடுங்கள். நகர மையத்தில் ட்ராம் இலவசம், மழை வந்தால் ஏறிக்கொள்ளலாம். 1870-ல் கட்டிய ராயல் ஆர்கேட் மாதிரி கூரை போட்ட கடைத்தெருக்கள் இருக்கின்றன. மாநில நூலகத்தில் குவிமாடம் வைத்த பெரிய வாசிப்பறை இருக்கிறது. டீச்சருக்கு அது பிடிக்கும், காசும் கிடையாது.

வெயில். இதை நம் ஊர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள். தஞ்சாவூர் வெயிலைப் பார்த்தவளுக்கு இந்த வெயில் என்ன செய்துவிடும் என்பார்கள். இங்கே 18 டிகிரியில் ஜிலுஜிலுவென்று காற்றடிக்கும்போதே புற ஊதாக்கதிர் அளவு ஏறிக்கொண்டிருக்கும். அது 3-ஐத் தொட்டாலே தொப்பி, சன்ஸ்க்ரீன் எல்லாம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆகஸ்ட் பாதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை இதுதான் கதை. தொப்பி இல்லாத பிள்ளையை இடைவேளையில் மைதானத்தில் விளையாட விடாத பள்ளிகள் உண்டு. அகலமான விளிம்பு வைத்த, தாடைக்குக் கீழே கயிறு கட்டுகிற தொப்பி ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள். சன்ஸ்க்ரீன் கனம், இங்கேயே சூப்பர்மார்க்கெட்டில் பெரிய புட்டியாகக் கிடைக்கும்.

ஐயாவின் கால். செருப்பு ஆகவே ஆகாது, பாதம் விறைத்துவிடும். ஆனால் புது ஷூவோடு விமானம் ஏறவும் விடாதீர்கள். இப்போதே ஒரு நல்ல நடை ஷூவை ஒரு அளவு தாராளமாக வாங்கி, சாக்ஸோடு தினம் தஞ்சாவூரிலேயே நடக்கச் சொல்லுங்கள். வலைத்துணி வைத்தது வேண்டாம், ஈரப் புல்லில் இரண்டு நிமிஷம் நடந்தால் சாக்ஸ் நனைந்துவிடும்.

வயல் என்று சொன்னீர்களே, அதைக் கவனியுங்கள். இங்கே இறங்கும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடந்த 30 நாளில் பண்ணைக்குப் போனீர்களா, பண்ணை விலங்குகளோடு பழகினீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். ஐயா அதில் ஆமாம் என்றுதான் போட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, ஷூவைக் காட்டச் சொல்வார்கள். அடியில் வயல் மண் ஒட்டியிருந்தால்தான் வம்பு. அதனால் அந்த ஷூவை வரப்பு பக்கமே கொண்டு போக வேண்டாம். கிளம்பும் முன் அடிப்பாகத்தைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்து வாருங்கள்.

சாப்பாட்டுச் சாமான் எது கொண்டு வந்தாலும் அதே படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் ஆகாததை எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் வரை அபராதம். பொடி, ஊறுகாய் எல்லாம் கடையில் வாங்கிய சீல் உடைக்காத பாக்கெட்டாக இருந்தால் பேச்சு குறையும். கறிவேப்பிலையை அங்கேயே விட்டுவிடுங்கள். பச்சை இலை, பழம், விதை எதுவும் வேண்டாம். மகனுக்குக் கறிவேப்பிலை வேண்டுமென்றால் டான்டினாங்கில் கிடைக்கும், விலையைக் கேட்டால் உங்களுக்குத்தான் கண்ணைக் கட்டும்.

பெட்டியை விட முக்கியம் தோள்பை. பெட்டி மகன் வீட்டு அறையில் இருக்கும், மழை யாரா ஆற்றங்கரையில் வரும். தினமும் கிளம்பும்போது போட்டிருப்பதற்கு மேலே ஒரு அடுக்கு பையில் இருக்க வேண்டும். கழற்றியதை வைக்க இடமும் இருக்க வேண்டும். முதுகில் மாட்டுகிற சின்னப் பை ஒன்று போதும். அதில் மேல் ஜாக்கெட், ஒரு சால்வை, தொப்பி, தண்ணீர், நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. "வெயில் அடிக்குது, இதெல்லாம் கார்லயே கிடக்கட்டும்மா" என்று மகன் சொல்வான். கேட்காதீர்கள். அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவதால் நவம்பரில் எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தை நம்பி சுற்றிக்கொண்டே இருப்பீர்கள், குளிர் ஆறு மணிக்கே இறங்கியிருக்கும்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே பழைய வீடுகள் வெளியை விட உள்ளே குளிரும். மகன் வாடகை வீடு என்றால் சுவருக்குள் குளிரைத் தடுக்கிற அடைப்பு ஒன்றும் இருக்காது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. வசந்தம் வந்துவிட்டதென்று ஹீட்டரை வேறு அணைத்திருப்பான், பில் அப்படி. வீட்டுக்குள் போட ஆளுக்கு இரண்டு ஜோடி தடித்த சாக்ஸும், நைட்டிக்கு மேல் போட ஒரு பழைய ஸ்வெட்டரும் கட்டாயம் வையுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு காபி போடப் போனால் தெரியும்.

குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். குளிருக்கு மட்டும் இல்லை. வசந்தத்தில் மேக்பை என்று ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை கூட்டைக் காக்கிறேன் என்று போகிற வருகிறவர் தலையில் பாயும். எங்கள் பள்ளிக்குப் பக்கத்து யூகலிப்டஸில் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு என்னையும் தபால்காரரையும் மட்டும் குறிவைக்கும். நீங்கள் வரும்போது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

---

நல்லூர்ப்பிள்ளை எழுதியது:

அம்மா, நான் யாழ்ப்பாணம், இங்கே மெல்பேர்ணில் தாதியாக வேலை செய்கிறேன். உடுப்பைப் பற்றி மேலே அக்கா வடிவாகச் சொல்லிவிட்டா. நான் மருந்தைப் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது ஆஸ்துமா, இழுப்பு, தூசி ஒவ்வாமை உண்டோ? அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே புல் மகரந்தக் காலம். சில நாளில் இடிமழைக் காற்றோடு அந்த மகரந்தம் உடைந்து நுண்துகளாகி மூச்சுக்குள் போகும். 2016 நவம்பர் 21 அன்று பின்னேரம் அப்படி ஒரு புயல் வந்து ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்துபோனார்கள். அதில் முன்பு ஆஸ்துமாவே வராதவர்களும் மூச்சுத்திணறலோடு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காலம் முழுக்க அரசாங்கம் ஒவ்வொரு நாளும் அபாயம் எவ்வளவு என்று போடுகிறது, விக் எமர்ஜென்சி செயலியில் பார்க்கலாம். அபாயம் கூடுதல் என்று காட்டுகிற நாளில் புயலுக்கு முன்னமே வீட்டுக்குள் வந்து யன்னலைச் சாத்திவிடுங்கோ. இன்ஹேலர் பாவிக்கிறவர் என்றால் அதை மேலே சொன்ன தோள்பையில் வைக்க வேண்டும், சூட்கேசில் இல்லை. தீர்ந்துபோனால் நீல நிற இன்ஹேலரை இங்கே பார்மசியில் மருந்தாளரிடம் கேட்டு, மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

பிரஷர், சீனி மருந்துகள் எல்லாம் வந்த பெட்டியோடும் அட்டையோடும் கொண்டுவாருங்கோ. சின்ன டப்பாவில் கலந்து போட்டுக் கொண்டுவந்தால் எது எது என்று யாருக்கும் விளங்காது. டாக்டரிடம் மருந்தின் பெயர் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று வாங்குங்கோ. மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், படிவத்தில் மருந்து இருக்கிறது என்று போடுங்கோ. குளிரில் தண்ணீர் குடிக்க மறப்பீர்கள், தோலும் உதடும் வெடிக்கும். ஒரு சின்ன வாசலின் போதும்.

---

குடைக்கட்சி எழுதியது:

கொடிக்காரி அம்மா குடையை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தலைமூடி போட்டால் பக்கத்தில் வருகிறவர் பேசுவது காதில் விழாது, கண்ணாடி போட்டவர்களுக்குச் சாரல் முழுக்கக் கண்ணாடியில்தான். இரண்டு மடிப்புக் குடை, கம்பி வளைந்து கொடுக்கிற வகை, சின்னதாக ஒன்று இருந்தால் தாவரவியல் பூங்காவில் வெயிலுக்கும் ஆகும். மூன்று மடிப்பு மலிவுக் குடைதான் உடையும்.

---

வல்லம்டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொடிக்காரி, நீங்கள் எழுதியதை இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வயல் படிவம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் வயல் மண்ணுக்கு என்ன குறைச்சலாம்" என்று ஒரு கேள்வி. அப்புறம் தானாகவே போய் ஷூ வாங்கி வந்துவிட்டார். இப்போது சாயங்காலம் சாயங்காலம் பெரிய கோயில் வரை நடை. நல்லூர்ப்பிள்ளை, ஆஸ்துமா இல்லை அம்மா, எனக்குப் பிரஷர் மட்டும். டாக்டரிடம் கடிதம் கேட்டிருக்கிறேன். கோட்டையும் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் முகம் சுருங்கியது, சமாளித்துக்கொள்வேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். புடவைக்கு உள்ளே இந்தத் தெர்மலை எப்படிப் போடுவது? ரவிக்கை என்ன ஆவது? எந்தப் புடவை எடுத்து வருவது? அப்புறம் இவர் கோயிலுக்கு வேட்டிதான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். பெங்குவின் பார்க்க ராத்திரி போக வேண்டுமாமே, அதற்கு இதே துணி போதுமா?

---

கொடிக்காரி எழுதியது:

குடைக்கட்சிக்கு: கண்ணாடி விஷயம் நியாயம். வையுங்கள் டீச்சர் ஒரு சின்னக் குடை, வெயிலுக்காகவாவது. காற்று நாளில் விரிக்காமல் இருந்தால் சரி.

புடவை. நான் தீபாவளிக்கும் கோயிலுக்கும் கட்டுகிறவள், சொல்கிறேன். பாவாடைக்கு உள்ளே காலோடு ஒட்டின தெர்மல் பேன்ட், கறுப்பிலோ தோல் நிறத்திலோ. வெளியே தெரியாது, காற்று புடவையைத் தூக்கினாலும் மானம் போகாது. கணுக்காலுக்கு மேல் வரை சாக்ஸ், அதற்கு ஷூ. புடவைக்கு ஷூவா என்று வெட்கப்படாதீர்கள், இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேலே, ரவிக்கைக்குப் பதிலாகவே முழுக்கை தெர்மலைப் போட்டு அதன்மேல் புடவையைக் கட்டிவிடலாம். உங்கள் ஊர்த் தையல்காரரிடம் சொன்னால் மெல்லிய கம்பளியில் முழுக்கை, உயர்கழுத்து ரவிக்கை இரண்டு தைத்துக் கொடுத்துவிடுவார். அது இங்கே கடையில் கிடைக்காத பொருள், பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

கஞ்சி போட்ட காட்டன் வேண்டாம். ஓரம் நனைந்தால் காய நாளாகும், நனைந்த காட்டன் காலில் ஒட்டிக்கொண்டு குளிரை இழுக்கும். சிந்தெடிக் நாலு, நல்லதாக ஒரு பட்டு போதும். புடவையை இரண்டு விரல் தூக்கிக் கட்டுங்கள். கொசுவத்துக்கும் முந்தானைக்கும் ஊக்கு தாராளமாகக் கொண்டு வாருங்கள். கிளேட்டனில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், அவசரத்துக்கு ஊக்கு கிடைக்காது. விக்டோரியா மார்க்கெட்டின் பழைய கொட்டகைகள் பக்கமெல்லாம் திறந்தவை, அங்கே வீசுகிற காற்றில்தான் ஊக்கின் அருமை தெரியும். திங்கள், புதன் அந்த மார்க்கெட் லீவு, மகன் அதைப் பார்த்துத் திட்டம் போடட்டும்.

நவம்பர் முதல் செவ்வாய் இங்கே குதிரைப் பந்தயத்துக்காக ஊருக்கே லீவு. பெண்கள் கையில்லாத கவுனும் இறகு வைத்த தொப்பியுமாகப் போவார்கள். மழை பிடித்துக்கொண்ட வருஷங்களில் டிவியில் அவர்கள் நிற்கிற கோலத்தைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

பெங்குவினுக்கு இதே துணி போதாது. ஃபிலிப் தீவு நகரத்திலிருந்து 140 கிலோமீட்டர் போல வரும். சூரியன் மறைந்த பிறகு கடலைப் பார்த்துத் திறந்தவெளிப் படியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். நேராகத் தென்கடல் காற்று முகத்தில். அன்றைக்கு மட்டும் மூன்று அடுக்கையும் போட்டு, சால்வையைத் தலைக்கும் குல்லாவுக்கும் மேலே சுற்றிக்கொண்டு, மகன் வீட்டு போர்வை ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். படி ஜில்லென்று இருக்கும், மடித்து உட்கார ஒரு துண்டு. அங்கே போட்டோ எடுக்க விட மாட்டார்கள், அதனால் கையுறையைக் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. மெல்லிய கையுறை ஆளுக்கொரு ஜோடி, அது அந்த ஒரு ராத்திரிக்கும், டான்டினாங் மலைப்பக்கம் பஃபிங் பில்லி என்கிற பழைய நீராவி ரயிலில் ஜன்னலில் காலைத் தொங்கவிட்டு வருவதற்கும் ஆகும். மலையில் நகரத்தை விடச் சில டிகிரி குறைவுதான்.

வேட்டி. ஐயா தாராளமாகக் கட்டட்டும். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கோ, மலையடிவாரத்தில் தி பேசின் என்கிற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கோ போனால் பாதிப் பேர் வேட்டியில்தான் இருப்பார்கள். வீட்டிலிருந்து பேன்ட்டில் வந்து கோயிலில் மாற்றிக்கொள்வோர் உண்டு. அதற்குப் பிடிவாதக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவர் செய்வது இதுதான்: உள்ளே முழங்காலுக்குக் கீழே வரை தெர்மல், மேலே ஒட்டுகிற வகை வேட்டி, அதற்கு ஒரு பெல்ட். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து வாசல் வரை நடக்கிற தூரத்துக்குத்தான் காற்று. கோயில் வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், சாக்ஸைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தரை குளிரும், சாக்ஸோடே சுற்றலாம். நனைந்த சாக்ஸோடு வீடு வரை வர வேண்டாமே, ஒரு ஜோடி உபரியாகத் தோள்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சார்ஜர் பின் மறந்துவிட்டேன். இங்கே பிளக் மூன்றும் தட்டைக் கம்பி, மேலே இரண்டும் சாய்ந்திருக்கும். நம் ஊர் உருண்டைக் கம்பி நுழையாது. மாற்றுப் பின் ஒன்று அங்கேயே வாங்கி வாருங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் விலை கொள்ளை. பவர் பேங்க் இருந்தால் கைப்பையில், பெட்டியில் போடக் கூடாது.

தேதி முடிவானதும் எழுதுங்கள் டீச்சர். அந்த வாரம் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, கையில் எந்த ஸ்வெட்டர் இருக்க வேண்டும் என்று முந்தின நாள் சொல்கிறேன்.